இடது கால் செருப்பு

"செருப்பு ஒண்ணு வச்சிட்டுப் போ."

கடற்கரையில் சுண்டல் விற்கிற அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். வா என்று இல்லை, எந்த ஊர் என்ற விசாரிப்பு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று நான் ஏற்கனவே கடுப்பில் இருந்தேன். திண்டிவனம் பக்கத்திலிருந்து சித்தப்பா, சித்தி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள் வந்திருந்தார்கள். புதுச்சேரியில் குடியிருப்பவனுக்கு இது ஒரு தலையெழுத்து. மே மாதம் வந்தால் சொந்தக்காரன் எல்லோருக்கும் நம் மேல் பாசம் பொங்கிவிடும். நான் சாரம் பகுதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தேன். வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளையும் இவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டித் தொலைக்க வேண்டும்.

காலையில் பீச் ரோட்டுக்குக் கூட்டிப் போனேன். சித்தப்பா கரையில் கொட்டியிருந்த பாறைகளைப் பார்த்தார். பிறகு நான் ஏதோ ஏமாற்றிவிட்டதுபோல் என்னைப் பார்த்தார்.

"என்னாடா இது, கல்லக் கொட்டி வச்சிருக்கானுவ? மண்ணு எங்கடா?"

மண் போய் எத்தனையோ வருஷமாகிறது. அங்கே கடலைப் பார்க்கலாம், தொட முடியாது. இதை அவருக்கு விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. பிறகு பூங்கா, பிறகு கோயில் யானை, பிறகு சுண்ணாம்பாற்றில் படகு. பிள்ளைகள் எதிலும் அடங்கவில்லை. கடலில் இறங்கிக் குளித்தால்தான் ஆயிற்று என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். சரி, சனியன் என்று வீராம்பட்டினத்துக்கு அழைத்துப்போனேன். அங்கேதான் நல்ல மணல் இருந்தது. அலையும் இருந்தது. அக்காவும் இருந்தாள்.

நாலு கழி நட்டு மேலே கீற்று போட்ட ஒரு நிழல். அதன் கீழே சுண்டல் அன்னக்கூடை, மாங்காய்த் துண்டு, மிளகாய்த்தூள் டப்பா. அவளுக்கு முன்னால் மணலில் வரிசையாகச் செருப்புகள். எல்லாம் ஒற்றைச் செருப்புகள். எல்லாம் இடது கால்.

"எதுக்கு வைக்கணும்?" என்றேன்.

"கடல்ல எறங்கறல்ல? எடது காலு செருப்ப இங்க வை. வெளிய வந்ததும் எடுத்துக்க."

"என் செருப்ப நீ எதுக்குத் தொடுற? இது என்னா உன் கடலா?"

பக்கத்தில் யாருடையதோ ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது. அதைக் கையில் எடுத்து மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "தம்பி, என் கையில செருப்பு இருக்குது. பாத்துப் பேசு."

சித்தி சிரித்துவிட்டாள். பிள்ளைகள் மூன்றும் அவசர அவசரமாகக் கழற்றி வைத்தன. சித்தப்பாவும் கழற்றினார். கடைசியில் நானும் கழற்றினேன். என் செருப்பு வார் அறுந்து, பட்டறையில் கிடந்த செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கரெண்டு வேலையா?" என்றாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, செருப்பைப் பார்த்துக் கேட்டாள்.

அவள் ஆள் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். அது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சித்தப்பா குடும்பம் போன பிறகும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக அங்கே போக ஆரம்பித்தேன். கடலுக்காகப் போனேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். பாதி அவளோடு சண்டை போடுவதற்காகப் போயிருப்பேன். எனக்குச் சரியாகத் திருப்பித் திட்டுகிற ஆள் அதுவரை கிடைத்ததில்லை.

அவளுடைய கணக்கு சுலபமானது. கடலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, மணலில் அத்தனை செருப்பு இருக்கும். வெளியே வந்தவன் எடுத்துக்கொண்டு போவான். பொழுது சாயும்போது மணலில் ஒரு செருப்பும் இருக்கக் கூடாது. இருந்தால், ஒருவன் உள்ளே இருக்கிறான்.

ஜோடியாக வாங்கினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டையும் வாங்குனா, மறந்துட்டு வெறுங்காலோட போனாலும் போயிருவான். ஒத்தச் செருப்ப வச்சிக்கிட்டு எவனாவது ஊருக்குப் போவானா? வந்துதான ஆவணும்?"

எல்லாச் செருப்பையும் ஒரே மாதிரி வைக்க மாட்டாள். பிள்ளைகளுடையது தன் காலடியில். பெண்களுடையது அடுத்த வரிசை. குடித்துவிட்டு வருகிறவனுடையது தன் முழங்கால் பக்கத்தில் தனியாக, தூக்கில் போடப் போகிறவன்போல. செருப்பை முகர்ந்து பார்க்காத குறைதான். குதிகால் தேய்மானத்தைப் பார்த்தே, "இது நடக்கறவன் காலு", "இது பைக்கு ஓட்டறவன் காலு", "இது புதுப்பொண்ணு, வலிக்குது பாவம், மஞ்சக் கறை பாரு" என்று சொல்லுவாள். அவள் செய்கிற இந்த வேலைக்கு யாரும் ஒரு பைசா தந்ததில்லை. சுண்டல் வாங்குங்கள் என்றுகூட வற்புறுத்த மாட்டாள். ஊரில் சிலர் அவளை முதுகுக்குப் பின்னால் செருப்புக்காரி என்றார்கள். அடுத்தவன் செருப்பைத் தொட்டுப் புழங்குகிற பொம்பளைக்கு நம்மூரில் வேறு என்ன பேர் கிடைக்கும்? "முன்னால வந்து சொல்லச் சொல்லு" என்பாள். எவனும் வந்ததில்லை.

லாஸ்பேட்டையிலிருந்து காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக ஸ்கூட்டரில் வருவார்கள். அதில் ஒருவன் ரொம்ப புத்திசாலி. கரையில் ஒதுங்கிக் கிடந்த ஏதோ ஒரு பழைய செருப்பை எடுத்துவந்து தன்னுடையது என்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். அக்கா அதை இரண்டு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப்போய் அவன் காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"ஒம்போதாம் நம்பரு காலு உனுக்கு. நீ வச்சது ஏழு. யாரு செருப்புடா அது?"

"கீழ கெடந்துச்சுக்கா..."

"நீ உள்ள செத்துக் கெடந்தா நான் ஏழாம் நம்பரு காலுக்காரனத் தேடிக்கினு இருப்பேன். அறிவிருக்குதா?"

கூட வந்த பெண் பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பையன் அதன் பிறகு எப்போது வந்தாலும் தன் செருப்பைக் கழற்றி இரண்டு கையாலும் கொடுப்பான், கோயிலில் தேங்காய்த் தட்டு கொடுப்பதுபோல.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா, பாரிஸிலிருந்து வந்த பேரப்பிள்ளைகளோடு ஒருநாள் வந்தார். தொப்பி, கைத்தடி, பளபளவென்று தோல் ஷூ. அவரிடமும் கேட்டுவிட்டாள். நான் மாங்காய் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தேன். பெரிய சண்டை வரும் என்று எனக்கு ஆசை.  அவர் உட்கார்ந்து, கயிறு அவிழ்த்து, இடது ஷூவைக் கழற்றி, உள்ளே சாக்ஸைச் சுருட்டி வைத்து நீட்டினார். "மதாம், எங்க பட்டாளத்துல உன்ன மாதிரி ஒரு ஆளு இல்ல. இருந்திருந்தா பாதிப் பேர் ஊரு திரும்பியிருப்பான்" என்றார். அக்காவுக்கு வெட்கம் வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அந்த ஷூவை மணலில் வைக்காமல் சுண்டல் கூடை மூடியின் மேல் வைத்தாள்.

ஆடி வெள்ளித் தேரோட்டத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். தேர் பார்த்துவிட்டு எல்லோரும் கடலுக்கு வருவார்கள். அன்று செருப்பு குவிந்துவிடும். மீன் கூடைக்கார அம்மாக்கள் நாலைந்து பேரைக் கூட்டிவந்து உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு வரிசை பிரித்துக் கொடுப்பாள். அந்த வரிசைகளுக்கு நடுவே அவள் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும். கலெக்டர் தோற்றான்.

ஏன் இப்படிச் செய்கிறாள் என்று அவள் சொன்னதில்லை. கலியபெருமாள்தான் சொன்னான். சுனாமிக்குப் பிறகு வந்த ஃபைபர் போட்டுகளில் ஒன்று அவனுடையது. நாற்பது வயது, நெஞ்சு அகலம், பேச்சு குறைவு.

"ஆறு பசங்க வந்தானுவ. எங்கியோ மேக்கத்தி ஊரு, கடலே பாத்ததில்ல. கும்மாளம் போட்டுட்டு வண்டியேறப் போறப்பதான் எண்ணிப் பாத்தானுவ. அஞ்சு பேரு இருக்கானுவ. எப்பப் போனான்னு எவனுக்கும் தெரியல. அக்கா அந்தப் பையன் செருப்ப மத்தியானமே பாத்திருக்குது. யாரோ மறந்துட்டுப் போயிட்டான்னு எடுத்து ஓரமா வச்சிருக்குது."

அவ்வளவுதான் சொன்னான். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளிடம் செருப்பு மட்டும்தான் இருந்தது. போட்டு கலியபெருமாளுடையது. மண்ணெண்ணெய் அவனுடையது. அலையில் போகிற உயிரும் அவனுடையதுதான். "செருப்பு மிச்சம் இருக்குது" என்று அக்கா கத்தினால் அவனும் மற்றவர்களும் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓடிவருவார்கள். அப்படி இரண்டு மூன்று பேரை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவள் வார்த்தையை அவர்கள் நம்புகிற வரைக்கும்தான் அந்தச் செருப்புக்கு மதிப்பு. நம்பாவிட்டால் அது வெறும் செருப்பு.

அதை நான் கெடுக்கப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை. ஆனால் செய்தது நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளிலும் வேலைக்குக் கூப்பிட்ட முதலாளியோடு மதியம் சண்டை போட்டுவிட்டு நேராகக் கடலுக்குப் போனேன். தண்ணீரில் இழுப்பு இருந்தது. நான் கழுத்தளவுக்குப் போனதைப் பார்த்து அக்கா கரையிலிருந்து கத்தினாள்.

"கம்பிச் செருப்பு! ஓரமா வந்து கொழந்தைங்களோட குளி!"

கரையில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வயது இருபத்தாறு. ஆறு வயதில் ஏரியில் நீந்தக் கற்றவன். காது இரண்டும் சூடாகிவிட்டது. கரைக்கு வராமல் தெற்கே பார்த்து நீந்தினேன். இழுப்பும் அந்தப் பக்கம்தான் கொண்டுபோனது. வெகுதூரம் தள்ளிக் கரையேறினேன். திரும்பி நடந்து போய் அவள் முன்னால் நின்று செருப்பு கேட்க வேண்டுமா? போடி என்று நினைத்தேன். தேய்ந்துபோன பழைய செருப்பு, போகட்டும். ஈரச் சட்டையோடு வெறுங்காலில் ரோட்டுக்கு நடந்து டெம்போ பிடித்து வீட்டுக்கு வந்து, ஆறு தோசை தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு எவனாவது ஊருக்குப் போவானா என்று அவள் கேட்டாளே, இரண்டையும் விட்டுவிட்டுப் போன மடையன் நான்தான். இடது கால் செருப்பு அவளிடம். வலது கால் செருப்பு மணலில் நான் விட்ட இடத்தில். ஆள் இல்லை.

மறுநாள் காலை வீராம்பட்டினம் ஐஸ் பேக்டரியில் வேலை செய்கிற அண்ணன் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். முகமே சரியில்லை.

"என்னாண்ணே, உம்முன்னு இருக்கீங்க?"

"ஊரே துக்கமா கெடக்குது தம்பி. நேத்து ஒரு பையன் கடல்ல போயிட்டான். நாலு போட்டு தேடுது, இன்னும் கெடைக்கல."

"குடிச்சிட்டு எறங்கியிருப்பான், நாயி" என்றேன்.

"பேரு, ஊரு எதுவும் தெரியல. செருப்பு மட்டும் இருக்குது. வாருல செம்புக் கம்பி போட்டு முறுக்கியிருக்குதாம்."

அப்போது என் கையில் இருந்ததும் செம்புக் கம்பிதான். முதலாளியின் வண்டியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். நான் யாரை வேண்டுமானாலும் நன்றாகத் திட்டுவேன். அன்று திட்டியதுதான் உருப்படியான திட்டு.

கரையில் ஒரு வலையும் காயவில்லை, மீன் ஏலமும் இல்லை. கடலில் பிணம் இருந்தால் அங்கே யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். முந்தின நாள் இருட்டும்வரை தேடிவிட்டு விடிந்ததும் மறுபடி போயிருந்தார்கள். கடல் வேறு கொந்தளிப்பாக இருந்தது. அக்கா முழங்கால் அளவு தண்ணீரில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"அக்கா" என்றேன்.

"இன்னிக்கு எவனும் எறங்கக் கூடாது. போ அந்தாண்ட" என்றாள் திரும்பாமல்.

"அக்கா, நான்தான். செருப்பு... என்னுதுதான்."

திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெறுங்காலைப் பார்த்தாள். இடுப்பில் சுருட்டிச் செருகியிருந்த பையிலிருந்து அந்தச் செருப்பை எடுத்து, அலையோரம் வந்து ஈர மணலில் போட்டாள்.

"காலக் காட்டு."

காலை நுழைத்தேன். கட்டை விரல் பள்ளத்தில் கட்டை விரல் உட்கார்ந்தது. குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்தாள். "கழட்டு" என்றாள். கழற்றினேன். அதை எடுத்து என் முதுகில் பளீர் பளீரென்று நாலு வைத்தாள்.

அப்பாவைத் தவிர என்னை யாரும் அடித்ததில்லை. முதலாளி ஒருமுறை கையை ஓங்கியபோது ஸ்பானரைத் தூக்கியவன் நான். அன்று அசையாமல் நின்றேன். இன்னும் நாலு வைத்தாலும் நின்றிருப்பேன். ஆனால் அவள் செருப்பைப் போட்டுவிட்டு, அலையோரத் தண்ணீரிலேயே தொப்பென்று உட்கார்ந்து, ஊருக்கே கேட்கிறமாதிரி கத்தினாள்.

"எடியே, வாங்கடி! உசுரோட இருக்குதுடி சனியன்!"

குடிசைகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஆளுக்கு ஒரு குட்டு. சிலர் இரண்டு. ஒரு பாட்டி என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, "மூக்க வழிச்சி வழிச்சி அழுதேனேடா உனுக்காவ, நான் அழுததக் குடு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அலை வந்து மோத மோத உட்கார்ந்தபடி சிரித்தாள். ஒருத்தி கம்பில் சிவப்புப் புடவையைக் கட்டி, போட்டுகளுக்குத் தெரியும்படி ஆட்டினாள்.

போட்டுகள் திரும்புவது தெரிந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இனிமே நான் கத்துனா எவன் வருவான்?" என்றாள். என்னைக் கேட்கவில்லை. கடலைப் பார்த்துக் கேட்டாள்.

 அடுத்த வாரம் எவனாவது உண்மையாகவே உள்ளே போவான். இவள் கத்துவாள். அவர்கள், வீட்டில் தூங்குவான் போ என்று சொல்லிவிட்டு வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். 

கலியபெருமாளின் போட்டு முதலில் வந்தது. கண் சிவந்து, உப்பு பூத்து, பார்க்கவே பயமாக இருந்தான். மற்ற மூன்று போட்டுக்காரர்களும் அவன் பின்னால் வந்து நின்றார்கள். 

"ஞாயித்துக்கெழம வர்ற இவனா?" என்றான்.

"இவன்தான்" என்றாள் அக்கா.

"எங்கடா இருந்த?"

"வீட்டுல தூங்கிட்டண்ணே."

பின்னால் இருந்தவர்களில் ஒருவன், "நல்ல தூக்கமா?" என்றான். இன்னொருவன், "இன்னொரு தடவ அக்கா செருப்புன்னு சொன்னா நான் வர்ல. ரெண்டு நாளு தொழில் போச்சு" என்றான். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வாங்கி அவள் தலை குனிந்து அதுவரை நான் பார்த்ததே இல்லை.

கலியபெருமாள் அவனைத் திரும்பிப் பார்த்தான். "பொணத்த எடுத்துக்கினு வந்திருந்தா உனுக்கு சந்தோசமாடா?"

அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"தேடுனோம். ஆளு வீட்டுல இருந்தான். இதவிட நல்ல சேதி இந்தக் கரைக்கு என்னிக்கு வந்துச்சு?" என்று சொல்லிவிட்டுக் கலியபெருமாள் என் பிடரியில் கை வைத்தான். "டேய், தோசக்காரா. நாலு போட்டையும் தள்ளு வா. அதுக்கப்புறம் போ வூட்டுக்கு."

நான் தோசை தின்றது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். முந்தின ராத்திரி போட்டுப் படுத்த அதே சட்டை, மேலெல்லாம் சட்னிக் கறை.

போட்டுகளை மேட்டுக்கு ஏற்றினோம். ஃபைபர் போட்டை மணலில் தள்ளுவது என்றால் தோள் கொடுத்து, எல்லோரும் ஒரே சத்தத்தில் ஒரே நொடியில் தள்ள வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி தாமதமாகத் தள்ளினேன். ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்கினேன். நான்காவது போட்டுக்குச் சரியாக வந்துவிட்டது. யாரோ மீன் குழம்பு கொண்டுவந்தார்கள். மணலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். என் தோளில் தோல் உரிந்திருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் சாப்பிட்டதில்லை, எனக்கே அசிங்கமாக இருந்தது. அக்கா மட்டும் தன் கீற்று நிழலில் தனியாக உட்கார்ந்து, காலியாகக் கிடந்த மணலைக் கையால் நிரவிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குக் கடல் கொஞ்சம் அடங்கியது. பிணம் இல்லை என்று ஆகிவிட்டதால் தொழிலுக்குக் கிளம்பினார்கள். மேலே ஏற்றியதை மறுபடி கீழே தள்ள வேண்டும், அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். வலை ஏற்றியாயிற்று, கேன் ஏற்றியாயிற்று. கலியபெருமாள் போட்டில் ஏறப் போனவன், நின்றான். திரும்பி மணலில் மேலே நடந்தான். அக்காவின் முன்னால் வந்து இடது கால் செருப்பைக் கழற்றி, அவள் நிரவி வைத்திருந்த இடத்தில் வைத்தான்.

அக்கா அந்தச் செருப்பைப் பார்த்தாள். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, ஒரு ஆளின் முகத்தைப் பார்த்தாள்.

அவன் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். வரமாட்டேன் என்று சொன்னவனும் வந்தான். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவர்கள், பதினோரு பேர். பதினோரு இடது கால் செருப்பு. அக்கா குனிந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அவற்றை நேராக வைத்தாள், நெருக்கி வைத்தாள், மறுபடி எடுத்து வைத்தாள். கலியபெருமாள் போட்டுக்கு அருகே போய்விட்ட பிறகுதான் கத்தினாள்.

"டேய் கலியபெருமாளு! ரொம்ப உள்ள போவாத!"

கரை முழுக்கச் சிரித்தது. கலியபெருமாள் சிரிக்கவில்லை.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு ஏறினான்.